எர்வினின் இடது கால் வேஷம்

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. எல்லாம் எர்வின் ப்ரோசெக்கின் வாய்க்கொழுப்பு. குளிர்காலம் முழுக்க சாலையில் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர், மீதிக் காலத்தை அடுத்தவரைக் கிண்டல் செய்தே ஓட்டினார். கூடப் படித்த க்ளெம் இடுப்பெலும்பு முறிந்து, கைத்தடியோடு தீயணைப்பு நிலைய ஹாலுக்குள் நுழைந்த அன்றைக்கே, "வாடா முக்காலி!" என்று கத்தினார். ஹாலே சிரித்தது. க்ளெம்மும் சிரித்தார். பாவம், வேறென்ன செய்வார்?

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, ஃப்ளோரிடாவில் தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் பக்கவாதம் வந்தது. இடது கால் படுத்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"வந்தது வந்துச்சு, வாய்ல வந்திருந்தா ஊராவது நிம்மதியா இருந்திருக்கும்" என்று மனைவி லொரெய்னிடம் அவரே சொன்னார். வீட்டுக்குள் தன்னை இப்படிக் கிழிகிழியென்று கிழித்துக்கொள்வார். அதையே ஊரார் வாயால் கேட்பதென்றால் மட்டும் உடம்பெல்லாம் கூசியது. ஊர் தனக்கு என்ன பேர் வைக்கும் என்று யோசித்து ஏழெட்டுப் பேரைத் தானே வைத்துப் பார்த்தார். எல்லாமே பொருத்தமாக இருந்தன. அதுதான் பயம்.

ஆகவே ஊர் திரும்பியும் திரும்பாதவர் ஆனார். கேட்டவர்களுக்கெல்லாம் "இன்னும் ஃப்ளோரிடாவுலதான் இருக்கார்" என்று லொரெய்ன் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஹாலில் நடக்கும் மீன் விருந்தை நினைத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நாக்கு ஊற உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து நகர மருத்துவமனையில் நடைப்பயிற்சி தரும் கியேரா என்ற பெண்தான் அந்த இயந்திரக் காலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். இடுப்பிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டை, முழங்கால் ஓரம் ஒரு மோட்டார். காலைத் தூக்க இவர் கொஞ்சம் முயன்றால் போதும், மீதியை அது தூக்கிவிடும். ஆனால் அடிக்கு ஒரு 'ஞொய்ங்'.

"இத்தன வருஷம் நான் மோட்டாரை ஓட்டுனேன். இப்ப மோட்டார் என்னை ஓட்டுது."

"ஓட்டுதுல்ல? அப்ப ஹாலுக்குப் போயேன்" என்றாள் லொரெய்ன்.

"ஞொய்ங் ஞொய்ங்னு போய் நின்னா க்ளெம் என்னைச் சும்மா விடுவானா? ஆளை விடு."

அந்த வருஷம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமையில் வந்தது. மீன் விருந்தும் மாறுவேடப் போட்டியும் ஒரே நாளில். எர்வினுக்கு மூளை மின்னியது. ஊரே வேஷம் கட்டி வரும் நாளில் ஒரு இரும்புக் காலை யார் கேட்கப்போகிறார்கள்? அட்டைப் பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோபோவாகக் கிளம்பினார்.

உள்ளே நுழைந்ததும் கைதட்டல். "அந்தக் காலைப் பாருங்கப்பா, சத்தம்கூட அச்சு அசலா இருக்கு!" பெட்டிக்குள் எர்வின் பூரித்துப்போனார். பெட்டியோடு மீன் தின்ன முடியாதே என்ற ஒரு குறைதான்.

நடுவர் க்ளெம். "முதல் பரிசு ரோபோவுக்கு!" என்று அறிவித்து, புகையூட்டிய பன்றித்தொடை ஒன்றைக் கையில் திணித்தார். "கழட்டு! கழட்டு!" என்று ஹால் கூவியது. ஜெயித்தவர் நடு ஹாலில் வேஷத்தைக் கழற்றி முகம் காட்ட வேண்டும். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார்? சாட்சாத் எர்வின்தான். மறந்தே தொலைத்திருந்தார்.

பெட்டியைத் தூக்கினார்.

"அட, எர்வின்! ஏன்டா இப்படி வெளுத்திருக்க? ஃப்ளோரிடாவுல வெயிலே அடிக்கலையா?" க்ளெம்முக்கு ஒரே சந்தோஷம். "காலையும் கழட்டுடா, எப்படிச் செஞ்சன்னு பார்ப்போம்."

'காராஜ்ல நானே செஞ்சேன்' என்ற புளுகு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் க்ளெம் கைத்தடியை ஊன்றிக் குனிந்து தொடைப் பட்டையில் கை வைத்துவிட்டார். பட்டை அவிழ்ந்தால் எர்வின் தரையில்.

"தொடாத, க்ளெம். கழட்டினா விழுந்துடுவேன்." ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "இது வேஷம் இல்லடா. பக்கவாதம்."

வாசலோரம் நின்ற லொரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பாக்கறீங்க? பேர் வைங்க. என்கிட்டயே ஏழெட்டு இருக்கு, வேணும்னா தர்றேன்..." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாய் கைவிட்டது.

க்ளெம் மெல்ல நிமிர்ந்தார். காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு எர்வின் கையிலிருந்த பன்றித்தொடையைப் பிடுங்கினார்.

"பரிசு கேன்சல்."

"என்னடா?"

"வேஷத்துக்குத்தான் பரிசு. இது உன் சொந்தக் காலு. ஊரை ஏமாத்தவா பாக்கற?" பரிசை, கோழி வேஷத்தில் நின்ற தபால் ஆபீஸ் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஹால் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. எர்வினுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அநியாயம்! பெட்டி வேஷம்தானே? பெட்டிக்காவது பாதி குடுடா, முக்காலி!"

"வாயை மூடிட்டு வா. மீன் ஆறுது."

டொக், ஞொய்ங், டொக், ஞொய்ங் என்று இரண்டு பேரும் மேஜைக்கு நடந்தார்கள். க்ளெம் தன் பக்கத்து நாற்காலியைக் கைத்தடியால் கொக்கி போட்டு வெளியே இழுத்துவிட்டார்.