இரண்டாவது ரிமோட்

ஈரக் கம்பளிச் சட்டை கரி நெருப்பின் சூட்டில் காயும்போது ஒரு வாடை கிளம்பும். பாதி ஆட்டு வாடை, பாதி புகை வாடை. ஆனி ஆடி மாதங்களில் நீலகிரியின் குந்தாப் பக்கத்தில் வளர்ந்த எவருடைய மூக்கிலும் அது இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலை நாங்கள் மே மாதத்தோடு மறந்துவிடுவோம். அதன்பிறகு பள்ளிச் சீருடை, காலுறை, தலையணை உறை, அப்பாவின் மப்ளர் என்று எது காயவேண்டுமென்றாலும் அம்மாவின் "கும்முட்டி"தான் கதி. அந்தச் சின்னக் கரியடுப்பைக் கூடத்தின் நடுவில் வைத்து, மேலே பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின்மேல் துணிகளைப் பரப்பிவிடுவாள். நமுத்துப்போன தீப்பெட்டியும் அங்கேதான், நமுத்துப்போன முறுக்கும் அங்கேதான். மழையில் நனைந்த என் கணக்கு நோட்டைக்கூட ஒருமுறை அதில் காயவைத்து, பக்கங்களெல்லாம் மொறுமொறுவென்று நிற்க என் கையில் கொடுத்தாள்.

அப்பாவுக்கு மின்நிலையத்தில் ஷிப்டு வேலை. மலைச்சரிவில் கயிறு கட்டி இழுக்கும் "விஞ்ச்" வண்டியில் இறங்கிப் போய்விட்டு, அதிலேயே ஏறி வருவார். நாங்கள் இருந்த குடியிருப்புக்குக் "கேம்ப்" என்று பெயர். ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். நான் ஆறாம் வகுப்பு முடித்த அந்த வருடம் அண்ணன் பிளஸ் டூ தேறியிருந்தான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் இடம் நிச்சயம் என்று சொல்லும் அளவுக்கு மதிப்பெண். வாயே திறக்காத அப்பா அன்றைக்கு வாயைத் திறந்து, என்ன வேண்டும் கேள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் யோசிக்கவேயில்லை. "டிவி கேம்" என்றான்.

ஊட்டியில், கடிகாரமும் ரேடியோவும் டார்ச் லைட்டும் விற்கிற ஒரு சந்துக் கடையில் அதை வாங்கினோம். அந்தப் பெட்டிக்குள் ஆட்டக் கருவியும், ஒரு கேசட்டும், கையில் பிடித்து ஆடுகிற ஒரே ஒரு ரிமோட்டும்தான் இருந்தன. கடைக்காரர் அதை "ஜாய்ஸ்டிக்" என்றார். எங்களுக்குக் கடைசிவரை அது ரிமோட்தான். கூடுதலாக வேண்டுமானால் என்று அவர் கண்ணாடி மேடைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். இன்னொரு ரிமோட், டிவித் திரையைக் குறிபார்த்துச் சுடுகிற ஒரு துப்பாக்கி, இன்னொரு கேசட். மூன்றில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கி அண்ணன் கையில் இருந்தது. சுவரில் தொங்கிய கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சும்மா இருக்கிற ஜாதியா? இரண்டாவது ரிமோட் இல்லாவிட்டால் காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியாதா? கடை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கே வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். அப்பா கடைக்காரரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். அண்ணன் துப்பாக்கியை ஒருதரம் புரட்டிப் பார்த்தான், கண்ணாடிமேல் வைத்தான், "அந்த ரிமோட்டே குடுத்துருங்க" என்றான். அவனுக்கு அந்தத் துப்பாக்கிமேல் எவ்வளவு ஆசை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் ரிமோட்டை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய கூத்து. எங்கள் பழைய டிவியில் மஞ்சள், சிவப்பு வயர் சொருக ஓட்டையே இல்லை. ஆன்டெனா வயரைப் பிடுங்கி, கருவியோடு வந்த ஒரு சின்ன டப்பாவை நடுவில் மாட்டி, டிவியின் முன்பக்கத்தில் இருந்த குட்டிச் சக்கரத்தை நகத்தால் திருகித் திருகி அண்ணன் சேனல் தேடினான். திரை முழுக்க இரைச்சலோடு புள்ளி பறந்தது. டிவிக்கு ஏதாச்சும் ஆயிருமா என்று அம்மா அப்பாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, திடீரென்று புள்ளிகள் விலகி ஒரு நீல வானம் வந்து நின்றது. அந்த நீலத்தைப் பார்த்ததும் அண்ணன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். சந்தோஷம் வந்தால் அவன் அப்படித்தான்.

கேசட்டின்மேல் நூறு ஆட்டம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஆறுதான், பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். மே மாதம் முடிகிறவரை டாங்கி ஓட்டினோம், ஒருவரையொருவர் சுட்டோம், சண்டை போட்டு ரிமோட்டை எறிந்தோம். கண்ணு பூத்துப் போகும், மண்டை குழம்பிப் போகும் என்று அம்மா நாளெல்லாம் திட்டினாள். "அந்த எழவு பொட்டி" என்பதுதான் அவள் அதற்கு வைத்த பெயர்.

பிறகு மழை பிடித்தது. ஒரு வாரத்தில் சுவரில் பூசணம், செருப்பில் பூசணம். கருவியும் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. படம் நடுங்கும், நான் அழுத்தினால் என் டாங்கி நகராது. அண்ணன் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, ஈரம் கோத்துக்கொண்டது என்று சலித்துக்கொண்டான். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்திருக்கிறது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலும், அண்ணன் ஏதோ சான்றிதழ் வாங்க ஊட்டியிலும் இருந்தோம். மாலையில் குடையை மடக்கிக்கொண்டு நுழைகிறேன், வீட்டில் வழக்கமான வாடை இல்லை. மூக்கைக் குத்துகிற வேறொரு வாடை. அடுப்படி வாசலில் அம்மா எதையோ முந்தானையில் பொதிந்து பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் கூடைமேல் என் ரிமோட்டை வைத்திருக்கிறாள். முதலில் சின்னதை வைத்துப் பார்ப்போம், நன்றாகக் காய்ந்தால் அப்புறம் பெரிய பெட்டியையும் வைப்போம் என்று எண்ணம். துணி துவைக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் அது வளைந்து, பொத்தான்கள் உள்ளே அமுங்கி, மூங்கில் பட்டையின் தடம் அப்படியே பதிந்து போயிருந்தது.

"காஞ்சா நல்லா ஓடும்னுதான் கண்ணு வெச்சேன்" என்றாள்.

நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. "உனக்கு எங்க கேமே புடிக்காது, வேணும்னேதான் பண்ணியிருக்கறே" என்று கத்தினேன். அம்மா குனிந்து கும்முட்டியைக் கிளறிவிட்டாள். திட்டிக்கொண்டே இருந்தவள், எங்கள் ஆட்டத்துக்காக யாரிடமும் சொல்லாமல் செய்த ஒரே காரியம் அது. நான் கத்திய அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என் வாயைக் கிள்ளவேண்டும் போல இருக்கிறது.

தனி ரிமோட் ஊட்டியில் கிடைக்கவில்லை. கோயமுத்தூர் போய் வாங்கி வருகிறேன் என்றான் அண்ணன். கோயமுத்தூர் என்ற சொல்லே எனக்கு அப்போது பிடிக்காமல் போயிருந்தது. அவனுடைய இரும்புப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து வெளியறையில் வைத்திருந்தார்கள். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவன் தன் ரிமோட்டை என் மடிக்கும் அவன் மடிக்கும் நடுவில் நீட்டினான். இடதுபக்கம் திசைப் பொத்தான்கள், வலதுபக்கம் சுடவும் குதிக்கவும் இரண்டு பொத்தான்கள்.

"நான் ஓட்டறேன், நீ குதி" என்றான்.

இப்படித்தான் ஒரு ரிமோட்டில் இரண்டு பேர் ஆட ஆரம்பித்தோம். டாங்கியை விட்டுவிட்டோம். முதுகில் மூட்டையோடு ஒரு குட்டி மனிதன் பள்ளங்களைத் தாண்டித் தாண்டிப் போகிற ஆட்டம் ஒன்று அதில் உண்டு. "மூட்டைக்காரன்" என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். தோளோடு தோள் ஒட்டி, ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவன் இடது கையால் நடத்த, நான் வலது கையால் குதிக்கவைப்பேன். முதலில் காலடிக்குக் காலடி விழுந்தோம். நாலைந்து நாளில், அவன் மூச்சு இழுக்கிறதை வைத்தே எப்போது குதிக்கவேண்டும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு ரிமோட் இருந்தபோது நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

ஆட்டத்தின் கடைசியில் ஒரு கோட்டை வரும். அதன் முன்னால் அகழி, அகழியில் நகர்கிற ஒரு பலகை. பலகை கரையைத் தொடும் நொடியில் குதிக்கவேண்டும், தவறினால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சேமித்து வைக்கிற வசதியெல்லாம் அதில் கிடையாது. முதல்முறை அந்தக் கோட்டையைப் பார்த்த அன்று அண்ணன் சிரித்துக்கொண்டே, "இந்தக் கோட்டையத் தாண்டாம நான் காலேஜுக்குப் போறதில்ல அம்முணி" என்றான்.

விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. தாண்டாவிட்டால் போகமாட்டான். குதிக்கிற பொத்தான் என் கையில்தானே இருக்கிறது?

அன்றிலிருந்து கோட்டை வாசலுக்கு வரும்வரை பிசகாமல் குதிப்பேன். பலகை கரையைத் தொடும்போது மட்டும் என் கட்டைவிரல் ஒரு கணம் தங்கிவிடும். மூட்டைக்காரன் அகழிக்குள் விழுவான். அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வான். மறுபடி முதலிலிருந்து. வேணும்னே பண்ணியிருக்கறே என்று அம்மாவின்மேல் பழியைப் போட்டவள், வேண்டுமென்றே தினம் தினம் தோற்றுக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. குளிரில் என் விரல் விறைத்துப்போய்த்தான் தாமதமாகிறது என்று நினைத்தான். ஆட்டம் தொடங்குமுன் என் வலது கையைப் பிடித்துக் கும்முட்டியின்மேல் காட்டி, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிடுவான். சூடேறிய விரலை மடக்கி நீட்டிப் பார்த்து, இன்றைக்குத் தாண்டிவிடலாம் என்பான். குற்ற உணர்ச்சியில் எனக்கு அழுகை முட்டும். ஆனாலும் அழுத்தமாட்டேன்.

ஏறக்குறைய இருபது நாள் அப்படி அவனைப் பிடித்துவைத்தேன். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலையில் நாலு முறை ஆடினோம், நாலு முறையும் விழுந்தோம். அண்ணன் ரிமோட்டை என் மடியில் வைத்தான். "செரி உடு, தீவாளிக்கு வந்து தாண்டிக்கலாம்" என்று எழுந்து துணி அடுக்கப் போய்விட்டான். அவ்வளவு சுலபமாக. போர்வைக்குள் அவன் உட்கார்ந்திருந்த பக்கம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் அப்பாவும் அவனும் போனார்கள். பஸ் விளக்கு மஞ்சுக்குள் மறைந்ததும் அம்மா சத்தமாகவே அழுதாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் நானே பிடித்து, முதல் ஆட்டத்திலேயே கோட்டையைத் தாண்டினேன். உள்ளே ஒன்றுமில்லை. அதே மூட்டைக்காரன், அதே முதல் பள்ளம், கொஞ்சம் வேகமான இசையோடு எல்லாம் மறுபடி தொடங்கியது. அந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

தீபாவளிக்கு அண்ணன் சொன்னபடியே புது ரிமோட் வாங்கி வந்தான். வந்த மூன்று நாளும் தூங்கினான், நண்பர்களைப் பார்க்கப் போனான், மீசையைக் கண்ணாடியில் பார்த்தான். ரிமோட் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. நான் கேட்கவும் இல்லை, அவன் கூப்பிடவும் இல்லை.

போன மாதம் என் மகளுக்குப் புது கேம் கன்சோல் வந்தது. இப்போது குன்னூரில் இருக்கிறோம். அப்பா ஓய்வுபெற்றதும் காலிசெய்த கேம்ப் வீட்டில் இப்போது ஓடு இல்லை, கூடத்தில் செடி முளைத்திருக்கிறது. கன்சோலை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் கொடுத்து, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத்தான் அரைநாள் ஆயிற்று. வாங்கும்போது, கூடுதலாக ஒன்று எடுத்துக்கொள் என்றேன். இன்னொரு கன்ட்ரோலரைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஹெட்போன் வேண்டும் என்றாள். தோழிகள் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடுவார்களாம், பக்கத்தில் யாரும் உட்காரப் போவதில்லையாம். நான் எப்போதாவது ஆட வந்தால் என்று கேட்டதற்கு, "உனக்கு எங்கேம்மா நேரம்" என்றாள். சரிதான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், எனக்கு அண்ணனோடு பேசவேண்டும் போலிருந்தது. அவன் இப்போது கடல் கடந்து, நம்மூரைவிடக் குளிரான ஒரு நாட்டில் இருக்கிறான். கன்சோல் வாங்கின கதையைச் சொன்னேன். அப்படியே மூட்டைக்காரனையும் கோட்டையையும் சொன்னேன்.

எந்தக் கோட்டை என்று கேட்டான். அவனுக்கு ரிமோட் உருகினது நினைவில்லை, போர்வை நினைவில்லை, என் கையைத் தேய்த்துவிட்டது நினைவில்லை. எப்போதடா இந்த மழையைவிட்டுக் கிளம்புவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வயதுப் பையன் வேறெப்படி இருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். நீ போகக்கூடாது என்றுதான் நான் அழுத்தாமல் விட்டேன் என்று.

 

"அதைய அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தீன்னா, ஒரு நாளு கழிச்சுப் போயிருப்பனே அம்முணி" என்றான்.

ஒரு நாள். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும். அந்த ஒரு நாளுக்காக இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கடை வாசற்படியில் உட்கார்ந்து ரிமோட்டுக்கு அடம்பிடிக்கத் தெரிந்த வாய்தான் எனக்கு. இருபது நாள் அவன் தோளில் சாய்ந்துகொண்டிருந்தும், போகாதே என்று அவனிடம் சொல்லத் தோன்றவே இல்லை.