என் கணவர் மறந்துபோன வெள்ளிக்கிழமை

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. காரைக்காலில் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கணவர் உள் அறையில் இரும்பு பீரோவைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் இருபத்தாறு வருடம் சவூதியில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த அன்றே திரும்பிப் போகும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுவார். மகளைப் பெற்று வளர்த்துச் சென்னையில் கட்டிக் கொடுத்தது வரைக்கும் இந்த வீட்டை ஓட்டியது நான்தான். அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வருவார் வருவார் என்று அத்தனை வருடம் காத்திருந்தவள், வந்த பிறகு அவரோடு இருக்கத் தெரியாமல் தடுமாறினேன். மோட்டார் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது, அரிசி டிரம்மை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

அந்தத் திங்கட்கிழமை வாயை விட்டுவிட்டேன். "நீங்க சவூதியில இருந்தப்பதான் மச்சான் இந்த வூடு நிம்மதியா இருந்துச்சு."

அன்று சாயங்காலம் அவர் சவூதியில் இருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டு, "எனக்கு ஏத்த மாதிரி வேல எதுவும் இருந்தா சொல்லு, வந்துடுறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இவருக்கு இந்த வீடு பிடிக்கவில்லை, போகத்தான் துடிக்கிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நாலு நாள் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மழையில் சுவரில் ஓதம் ஏறி பீரோவின் பின்பக்கம் துருப்பிடிக்கிறது என்று அதை நகர்த்தப் பார்த்தார். "ஒரு கை புடிக்கிறியா?" என்று குரல் கொடுத்தார். கேட்காத மாதிரி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை. புதிதாய்ப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "நான் எப்ப புள்ள வந்தேன்?" என்றார். அந்தக் குரலில் இருந்த பிரியத்தைக் கேட்டதும், சமாதானத்துக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் வீம்பு விடவில்லை. "எட்டு மாசமாச்சு" என்றேன் வெடுக்கென்று.

"எட்டு மாசமா? அவ்வளவு நாள் லீவு குடுக்க மாட்டாங்களே. நான் எப்ப திரும்பிப் போவணும்?"

கிண்டல் செய்கிறார் என்று மாவையே பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளே போனவர் அடுத்த நிமிடமே திரும்பி வந்து, அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றார். "நான் எப்ப புள்ள வந்தேன்?"

மூன்றாவது முறை கேட்டபோது என் கையில் இருந்த மாவுப் பாத்திரம் நழுவி விழுந்தது. அவர் பெயரைக் கேட்டேன், சரியாகச் சொன்னார். மகள் பெயர், தெருப்பெயர் எல்லாம் சொன்னார். "பீரோவ யாரு மச்சான் நவுத்துனா?" என்று கேட்டதற்குத் திகைத்துப்போய் அறையை எட்டிப் பார்த்தார். "யாரு நவுத்துனா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் உண்டு. பக்கத்து மீனவக் கிராமமான கோட்டுச்சேரிமேட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். முதுகு வலியால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு வந்தவர். போன் போட்டதும் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மட்டும் என் கணவர் ஆறேழு தடவை கேட்டுவிட்டார். எங்கே போகிறோம், நான் எப்போது வந்தேன், எப்போது திரும்பிப் போகவேண்டும். பக்கவாதமாக இருந்துவிடக் கூடாதே என்று ஓதிக்கொண்டே போனேன். பீரோவைப் பிடிக்கப் போகாத என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமானவர். சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். என் கணவர் எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு டாக்டரம்மா மாம்பழம், சாவி, குடை என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் திருப்பி அப்படியே சொன்னார். மூன்று நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு டாக்டர் மறுபடி கேட்டபோது, "என்ன வார்த்தை? நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் மனதில் அந்த மூன்று நிமிடம் இல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"பக்கவாதம் மாதிரி தெரியலம்மா. நாம பாக்குறது, கேக்குறது எல்லாம் முதல்ல மூளைக்குள்ள ஒரு சின்ன பகுதியில பதிஞ்சாதான் ஞாபகமா நிக்கும். அந்த இடம் இப்ப கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யாம நின்னுடுச்சு. பழைய ஞாபகமெல்லாம் மூளையில வேற வேற இடத்துல பத்திரமா இருக்கு. அதனாலதான் உங்களைத் தெரியுது. கடைசி ஒரு வருஷம் மட்டும் இப்போதைக்குக் கைக்கு எட்டல. பெரும்பாலும் சில மணி நேரத்துல, மிஞ்சிப்போனா ஒரு நாளுக்குள்ள சரியாயிடும்."

ஏன் வந்தது என்று கேட்டேன். அளவுக்கு மீறி பாரம் தூக்கினாலோ, மனசு ரொம்ப வேதனைப்பட்டாலோ சில பேருக்கு இப்படி வரலாம், பல நேரம் காரணமே தெரியாது என்றார். அன்றைக்கு இரண்டுமே என் வீட்டில் இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவர் எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்ட மாதிரியே பதில் சொல்லுங்க. நீங்க சொன்ன வார்த்தை அவருக்குத் தங்காது. ஆனா பயம் தங்கும்."

வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி வந்தது. "நான் எப்ப திரும்பிப் போவணும்?"

"இனிமே போவ வேணாம் மச்சான். வேலைய முடிச்சிக்கிட்டு ஒரேயடியா வந்துட்டீங்க."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்வது! கண் விரிந்து, உதடு துடித்து, எழுந்து உட்கார்ந்துவிடுவார். "நெசமாவா? இனிமே போவ வேணாமா? இங்கேயே இருந்துடலாமா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றிரண்டு நிமிடம் நிம்மதியாகப் படுத்திருப்பார். அப்புறம் கண்ணைத் திறந்து சுவரில் காலண்டர் இருக்கிறதா என்று தேடுவார். "நான் எப்ப புள்ள திரும்பிப் போவணும்?"

எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஐம்பதுக்குக் குறையாது. ஒவ்வொரு முறையும் அதே சந்தோஷம், கொஞ்சமும் குறையாமல். போகத் துடிக்கிறார் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்த மனிதர் அவர்!

மத்தியானத்துக்கு மேல் எனக்குப் பசியும் களைப்பும் சேர்ந்துகொண்டன. ஒரு தடவை பொறுமை போய், "எத்தன தடவதான் சொல்றது? வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்று கத்திவிட்டேன். அவர் சுருங்கிப் போனார். "மன்னிச்சிக்க புள்ள" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சில நிமிடத்தில் நான் கத்தியது அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை கேட்க வாயெடுத்தவர், தப்பு செய்த பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தயங்கினார். ஏன் பயப்படுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது இதைத்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

சவாரிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் எழுந்து வந்தார். "அக்கா, நீங்க செத்த நேரம் இப்புடி குந்துங்க. பாய நான் பாத்துக்குறேன்" என்று உள்ளே போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. "நீங்க போவ வேணாம் பாய். வந்துட்டீங்க. நம்ம ஊர்லதான் இருக்கப் போறீங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே பதில், அதே உற்சாகத்தோடு. கடலில் பாதை தெரியாமல் நிற்கிறவனுக்குக் கரையிலிருந்து குரல் கொடுப்பதுபோல விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது எனக்கு ஒரு வேண்டாத ஆசை வந்தது. இவருக்கு எல்லா ஞாபகமும் திரும்பி வரவேண்டும். ஆனால் திங்கட்கிழமை நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் வராமல் போய்விட வேண்டும். அப்படியே அல்லாஹ்விடம் துஆ கேட்டேன்.

சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம். ஆட்டோக்காரர் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். நான் அடுத்த கேள்விக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "டீ வாங்கப் போனாரே, இன்னும் காணுமே?" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அலறியே விட்டேன். நர்ஸ் ஓடிவந்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்த ஒன்று அவர் மனதில் பதிந்து நின்றிருந்தது! பிளாஸ்கோடு உள்ளே நுழைந்த ஆட்டோக்காரரிடம் நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்ல, அவர், "டீக்கு இவ்வளவு மரியாதய நான் பாத்ததே இல்லக்கா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். என் கணவர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு வருடத்து ஞாபகம் முழுவதும் திரும்பியிருந்தது. அந்தப் பகல் மட்டும் இல்லை. அது பதியவே இல்லை, இனிமேலும் வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "பீரோவத் தள்ளுனதுகூட சரியா ஞாபகம் இல்ல. ஆனா திங்கக்கெழம நீ சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு."

என் துஆ பலிக்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பகல் முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நான் அப்புடியா கேட்டேன்? சும்மா சொல்லாத" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கே போய் ஆட்டோக்காரரிடம் விசாரித்தார். "எங்கிட்ட மட்டும் ஒம்போது தடவ கேட்டீங்க பாய். போவ வேணாம்னு சொன்னா போதும், என் கையப் புடிச்சி முத்தம் குடுத்தீங்க" என்று அவர் சொன்னாராம்.

திரும்பி வந்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார், "எனக்குப் போவணும்னு ஆசையெல்லாம் ஒரு நாளும் இல்ல புள்ள. அங்க இருந்தா நீ தேடுவ. இங்க இருந்தா நான் ஒனக்கு எடஞ்சலா இருக்கேனோன்னு தோணிச்சு." அன்றைக்கே கூட்டாளியைக் கூப்பிட்டு வேலை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, இது மறதி நோய் இல்லை, மறுபடி வருவதும் அபூர்வம் என்று தைரியம் சொன்னார். ஞாபகசக்தி நன்றாக இருக்க என்ன சாப்பிடலாம் என்று நான் கேட்டேன். சாப்பாட்டை விட, நல்ல தூக்கமும் தினசரி நடையும் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், நாலு பேரோடு பேசிப் பழகுங்கள் என்றார். கிளம்பும்போது, "மறந்துபோச்சுன்னு நாம சொல்றதுல பாதி மறந்தது இல்லம்மா. கவனிக்காததால பதியாமலே போனது" என்றார்.

அது எனக்காகவே சொன்னதுபோல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். சவூதியிலிருந்து பேசும்போது எத்தனையோ முறை, "போதும் புள்ள, வந்துடணும்போல இருக்கு" என்று அவர் சொல்லியிருப்பார். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக, "ம்" கொட்டியிருப்பேன். என் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என்னிடம் பதியவில்லை.

இப்போது அவர் பக்கத்து ஊரான வரிச்சிக்குடி வரைக்கும் காலையில் நடந்துவிட்டு வருகிறார். இடியாப்பம் பிழியக் கற்றுக்கொண்டு, என்னை விட மெல்லிசாகப் பிழிகிறார். அரிசி டிரம்மை அவர் சொன்ன இடத்துக்கே மாற்றிவிட்டேன். சொல்லப்போனால் அதுதான் வசதி. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுத பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கு யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அவர் எதையாவது விட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன், நான் விட்டால் அவர்.

அவர் வாழ்க்கையில் அந்த ஒரு பகல் இல்லை. அவருக்காக அதை நான்தான் வைத்திருக்கிறேன். நாளைக்கு என் பங்குக்கு ஒரு மறதி வந்தாலும் என் நாட்களை எடுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் இருப்பார் என்ற நினைப்பே, இருபத்தாறு வருடம் தனியாக வாழ்ந்த எனக்கு இன்றைக்கும் பெரிய துணையாக இருக்கிறது.