அமாவாசையில் ஓடாத தறி

நான் மிட்வைஃப் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிரசவம். பெண் குழந்தை, அழுகை கணீரென்று இருந்தது. முகத்தைத் துடைத்ததும் என் கை நின்றுவிட்டது. உதட்டுப் பிளவு நான் பார்த்ததுதான். இது மேலுதட்டில் தொடங்கி, மூக்கோரமாக ஏறி, கண்ணின் கீழிமை வரை பிளந்திருந்தது. அண்ணமும் சேரவில்லை. தானே அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாக எங்கள் டாக்டரம்மா பிறகு சொன்னார்.

பெற்றவள் வள்ளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மாமனார் வாசற்படியில் நின்றார்.

"சூரிய கிரகணத்தன்னிக்கு இவ தறியில ஒக்காந்துக்கினு இழைய அறுத்தா. அதான் கொழந்த மூஞ்சில வந்து நிக்குது. பால் கீல் குடுக்காதீங்க நர்சம்மா. அதுவா போயிடட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் குழந்தைக்குப் பசி. வள்ளியிடம் கெஞ்சிப் பீய்ச்சி வாங்கிய சீம்பாலைப் பாலாடையில் எடுத்து, குழந்தையைப் படுக்கவைத்தே புகட்டினேன். அது என் தப்பு. பால் மூக்கு வழியாக வந்து, குழந்தை நீலம் பாரித்தது. குப்புறக் கவிழ்த்து முதுகைத் தட்டி மீட்டேன்.

"பாத்தீங்களா, சாமியே வேணாங்குது" என்றார் பெரியவர்.

"சாமி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் குடுக்கத் தெரியல!" என்று கத்தினேன்.

குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினாள். விட்டுக்கொண்டே கேட்டேன்.

"பெரியவரே, சூரிய கிரகணம் என்னிக்கு வரும்?"

"அமாவாசையில."

"அமாவாசைக்கு உங்க தெருவுல தறி ஓடுமா?"

அமாவாசை தறிக்கு லீவு, ஊரறிந்த விஷயம். கோபத்தில் அது அவருக்கே மறந்துபோயிருந்தது.

வள்ளி மெல்லத் திரும்பினாள். "அன்னிக்கு தறி மேல துணி போத்தியிருந்துச்சு மாமா. நீங்கதான் போத்துனீங்க."

"அறுத்திருந்தாலும் பிளக்காது!" என்றேன் நான், விடாமல்.

வள்ளி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "குடுங்க நர்சம்மா, நான் ஊட்டறேன்."

மெட்ராஸில் அந்த முகத்தை நாலு தடவை தைத்தார்கள். தழும்பு போகவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில், யாராவது உற்றுப் பார்த்தால் "இன்னா பாக்கறே?" என்று நின்று கேட்பாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். யார் எதை அறுத்தார்கள் என்று ஊர் விசாரித்துக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலைக் கொடுங்கள்.