கொழுந்துத் தராசில் தொங்கிய சைக்கிள்

எனக்கு ஊசி என்றால் பயம். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது. இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று வயதில், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற ஒருவன், மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள ரேஸ் சைக்கிளை எதற்காக வாங்கினான் என்று யாருக்கும் விளங்காது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சிலருக்கு இன்னும் விளங்கவில்லை.

கிளினிக்கில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"சீனி நல்லாக் கூடிப் போச்சு. குளிசை விழுங்கினா மட்டும் காணாது. ஒவ்வொரு நாளும் உடம்பை அசைக்க வேணும். மூண்டு மாதம் பாப்பம். குறையாட்டி ஊசிதான். பயப்பிடாதேங்கோ, வீட்டிலயே நீங்களே போட்டுக்கொள்ளலாம்."

'நீங்களே' என்ற சொல்லில் எனக்குக் காது அடைத்துவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதற்கே என் மனைவி என் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிளினிக் நாளில் தலை சுற்றினால் என்ன செய்வது என்று ஆட்டோவையே எடுப்பதில்லை. பஸ்ஸில்தான் போவோம். இந்த லட்சணத்தில் தினமும், என் கையாலேயே, என் வயிற்றில்!

கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவி சொன்னாள்.

"நாளையிலேருந்து நடங்க."

நடந்தேன். நான்கு நாள். லயத்திலிருந்து பாலம் வரைக்கும் இறக்கம், பாலத்திலிருந்து பஜாருக்கு ஏற்றம், எல்லாமாக இரண்டு மைல். ஆனால் இருபது வருடமாக ஆட்டோவுக்குள் பார்த்த ஆளை ரோட்டில் நடக்கக் கண்டால் சனம் விட்டுவிடுமா? ஸ்டாண்டில் என் பக்கத்தில் வண்டி போடுகிற ஒருவன் முதல் நாளே பிரேக் போட்டு நின்றான்.

"என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா? ஏறுங்க."

"இல்லடா, உடம்புக்காக நடக்கிறேன்."

"உடம்பு சரியில்லையா? அப்ப நடக்கவே கூடாது. ஏறுங்கண்ணே!" என்று கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொண்டான். மறுநாள் வேறொருவன். அதற்கடுத்த நாள் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகிற வண்டி. நான்கு நாளில் நான் காலால் நடந்தது மொத்தமாக ஒரு மைல் இருக்காது.

சைக்கிள் யோசனை அங்கேதான் வந்தது. சைக்கிளில் போகிறவனை யாரும் ஆட்டோவுக்குள் இழுத்துப் போட முடியாது.

ஹட்டனில் ஒரு சைக்கிள் கடை. முதலாளி சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். சாதாரண சைக்கிள் போதும் என்றுதான் போனேன். ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி. ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதைச் சொன்னதும் அவர் ஒரு நீல நிற ரேஸ் சைக்கிளைக் காட்டினார்.

"இது பாரமே இல்லை அண்ணே. ஒன்பது கிலோ. ஒரு விரலில் தூக்க ஏலும்."

நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். இவ்வளவு மெல்லிய டயர் கல்லில் வெடிக்காதா? செயின் நடுவில் அறுந்தால்? இரண்டு பிரேக்கும் ஒரே நேரத்தில் விட்டுப்போனால்? மின்னல் அடிக்கும்போது சைக்கிளில் இருந்தால்? மின்னல் என்றதும் அவர் "அண்ணன் உண்மையாகவே ஆட்டோ ஓட்டுற ஆள் தானா?" என்று கேட்டார்.

என்ன விலைக்கு வாங்கினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. என் மனைவி எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாள்.

சைக்கிள் பெட்டியில் பாதி கழற்றியபடி இருந்தது. "நாளைக்கு வந்தால் எல்லாம் பொருத்திப் பூட்டி வைக்கிறேன்" என்றார் முதலாளி. ஓர் இரவுக்குள் நல்ல சில்லைக் கழற்றிவிட்டு வேறு சில்லை மாட்டிவிட்டால்? பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏறக்குறைய நின்று நின்று வந்தேன். எந்தக் கர்ப்பிணியையும் நான் அவ்வளவு பக்குவமாக ஏற்றி வந்ததில்லை.

வீட்டில் பெட்டியைப் பிரித்தோம். உள்ளே எப்படிப் பூட்டுவது என்று ஒரு தாள் இருந்தது. ஆங்கில எழுத்தும் படங்களும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சடித்த தாளைக் கண்டால் கரும்பலகை முன்னால் நிறுத்தினது போல இன்றைக்கும் கை வியர்க்கும். அதைப் பத்திரமாக மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

"என்னங்க இது, கெடாக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு?" என்றாள் மனைவி, ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்து.

முன் சில்லு பூட்டியாயிற்று. சீட்டை என் இடுப்புக்கு நேராக வைத்து அவளே அளந்து சொன்னாள். வலது பெடல் ஏறியது. இடது பெடல் ஏறவே இல்லை. அரை மணி நேரம் முறுக்கினேன். ஏமாற்றிவிட்டார்கள், வேறு சைக்கிளின் பெடலைப் போட்டுவிட்டார்கள் என்று புலம்பினேன். மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"அந்தப் பக்கம் போகலன்னா இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்களேன்."

திருப்பினேன். வெண்ணெய் போல ஏறியது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாம். இருபது வருடம் வண்டியோடு பிழைத்தவனுக்குத் தெரியாதது, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்தது. அன்று இரவு அதை அவள் நான்கு தரம் சொன்னாள்.

மறுநாள் காலையில் கோயிலில் பூசை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. நான் சைக்கிளைத் தள்ளினேன். டயர் மெல்லிசு. பழம் நசுங்காமல் விலகி உருண்டு போனது. மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. மூன்றாம் தரமும் அப்படியே.

"சாமி, இது ஏதும் சகுனமா?"

"ஒன்னுமில்லப்பா, டயருல சதை இல்ல" என்றார் பூசாரி.

மனைவி முன்னால் வந்தாள், குதிகாலால் பழத்தை ஒரே மிதி. "இந்தாங்க, நசுங்கிடுச்சு. போவோம்" என்றாள்.

ஆனால் எனக்கு வேறொரு கவலை. படியில் தூக்கி இறக்கும்போதே தெரிந்தது, இது ஒன்பது கிலோ இல்லை. அன்று அந்தியில் பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற மடுவத்துக்குச் சைக்கிளைக் கொண்டுபோனேன். என் மனைவியும் கொழுந்துப் பையோடு வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிரித்தபடியே தராசுக் கொக்கியில் சைக்கிளை மாட்டினார். மாலையோடு அது தொங்கியது.

"பன்னெண்டு கிலோ."

"பாத்தீங்களா! ஏமாத்திட்டான்!" என்றேன்.

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, சாக்குக்குக் கழிச்சீங்களா?"

"எங்களுக்கு மட்டும்தான் கழிப்பீங்களா? இதுக்கும் கழிங்க!"

"பனி புடிச்ச சைக்கிளுய்யா. தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிங்க!"

ஒவ்வொரு நாளும் தங்கள் கொழுந்தில் கழிபடுகிறதையெல்லாம் அன்றைக்கு என் சைக்கிளில் தீர்த்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையும் விடவில்லை. குரலை உயர்த்தி, கணக்குச் சொல்கிற தோரணையில், "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு. நிகரம் ஒம்பது" என்றார். கடை முதலாளி சொன்ன அதே ஒன்பது. மடுவம் அதிர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அடுத்த நாள் விடியற்காலை எழுந்தேன். ஒரே பனி. புதுச் சைக்கிள் துருப்பிடித்துவிட்டால்? ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் காலையில் செய்கிற வேலைதான், எண்ணெய்த் துணியால் ஆட்டோவின் சில்லுகளைத் துடைத்துப் பளபளக்க வைப்பது. அதையே செய்தேன். தேங்காயெண்ணெய் தொட்டு, இரண்டு சில்லின் வட்டங்களையும் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தேன். ஆட்டோவுக்குப் பிரேக் சில்லுக்கு உள்ளே இருக்கிறது. இந்தச் சைக்கிளுக்கு அந்த வட்டத்தைக் கவ்விப் பிடிப்பதுதான் பிரேக். அது என் கண் முன்னாலேயே இருந்தது. ஆனாலும் கை பழக்கப்பட்டதைத்தான் செய்தது.

மனைவியும் மற்றப் பெண்களும் வேலைக்குப் போன பிறகு, ஏறி உட்கார்ந்து லயத்து இறக்கத்தில் விட்டேன். பத்து முழம் போனதும் பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இரண்டையும் அழுத்தினேன். சைக்கிள் இன்னும் சந்தோஷமாகப் போனது. கீழே வளைவு, அதற்கப்பால் பாலம். கத்தினேனா, சாமியைக் கூப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. இடப்பக்கம் தேயிலைக்குள் திருப்பிவிட்டேன். சைக்கிள் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் நின்றது. நான் மட்டும் பறந்துபோய், மட்டமாக வெட்டி வளர்த்த தேயிலைச் செடிகளின் மேல் மெத்தையில் கிடப்பது போல மல்லாந்து கிடந்தேன்.

அந்த மலையில்தான் அன்று பெண்களுக்கு வேலை.

"அடியே, செடி மட்டம் பாக்கிற மட்டக்கம்ப வச்சுப் பாருங்கடி, ஆளு மட்டத்துக்கு மேல நிக்கிறாரு!"

"அண்ணே, கொழுந்து எடுக்க வந்தீங்களா? பை எங்க?"

மனைவி மட்டும் சிரிக்காமல் ஓடி வந்தாள். கை கால்களை அழுத்திப் பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. பிறகு சைக்கிளைத் தூக்கினாள். சில்லின் வட்டத்தைத் தொட்ட விரலை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தேயிலையைப் பார்த்தேன்.

"என்னாச்சு, பிரேக் சரியில்லையா?" என்று மேலேயிருந்து கேட்டார்கள்.

"புதுசுதானே, இன்னும் பழகல" என்று அவர்களுக்குச் சொன்னாள். குனிந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "தலைக்கு வைக்க எண்ணெய் மிச்சம் இருக்கா?"

வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து விரித்தாள். மூன்றாவது படத்தில் எண்ணெய்ப் போத்தலும் சில்லும் வரைந்து, மேலே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அதற்கு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

சவர்க்காரம் போட்டுச் சில்லைக் கழுவினோம். பிரேக் நன்றாகப் பிடித்தது. என் நெஞ்சுக்குத்தான் சவர்க்காரம் போட முடியவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறக்கம் முடிகிற வரைக்கும் தள்ளுவோம் என்று நினைத்தேன். பாலம் வந்தது. அதற்குப் பிறகு ஏற்றம், ஏற்றத்தில் யார் ஓட்டுவார்கள்? பஜார் வந்துவிட்டது. மத்தியானம் அதே வழியில் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு தின்றுவிட்டு ஆட்டோவை எடுத்தேன். இப்படியே ஒவ்வொரு நாளும். ஸ்டாண்டுக்காரன் மெதுவாகப் பக்கத்தில் வந்து சைக்கிளைப் பார்ப்பான், தன் பின் சீட்டைப் பார்ப்பான், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். ஏற்ற இடமில்லை.

"சைக்கிளுக்கா சீனி வியாதி? அத ஏன் இப்படி நடக்க வைக்கிறீங்க?" என்பாள் மனைவி.

மூன்று மாதம் ஓடியது. கிளினிக் நாளுக்கு முந்தின கிழமை முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஓட்டுவதற்கு வாங்கியதை ஓட்டவில்லையே, ஊசி நிச்சயம் என்று படுத்தேன். கிளினிக் நாளன்றைக்கும் விடியச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, இருவரும் பஸ் ஏறினோம்.

டொக்டர் தாளைப் பார்த்தார். முந்தின தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு. இப்ப ஊசி தேவையில்லை. என்ன செய்தனீங்கள்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சைக்கிள், டொக்டர்" என்றேன்.

"அட! ஒவ்வொரு நாளும் ஓடுறனீங்களோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஓட்ட மாட்டாருங்க. தள்ளிக்கிட்டுப் போவாரு, தள்ளிக்கிட்டு வருவாரு. நாலு மைலு."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். பிறகு கிளினிக் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி எழுதித் தந்தார்.

அந்த வரிதான் பஸ்ஸில் என்னை வாட்டியது. ஊசி இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு, எழுத்தில் வேறு எதையாவது எழுதியிருந்தால்? கடைசியில் முன் சீட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டினேன். அவள் வாசித்தாள்.

"நல்ல முன்னேற்றம், சைக்கிள் ஓட்டுவதைத் தொடரவும்னு போட்டிருக்காங்க அங்கிள்."

மனைவி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டுச்சா? எழுதியே குடுத்துட்டாங்க. டொக்டரம்மாவ பொய்க்காரி ஆக்கிறாதீங்க."

பஜாரில் இறங்கினோம். சைக்கிளை எடுத்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் கொஞ்ச தூரம் சமதரை. பிரேக்கை மூன்று தரம் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறினேன். நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் நடந்தாள், இருவரும் ஒன்றாகவே போனோம். ஸ்டாண்டுக்காரன் வண்டியை மெதுவாக்கினான்.

"அக்கா, நீங்க ஏன் நடக்கிறீங்க? ஏறுங்க!"

"வேணாம்பா. இவரு விழுந்தா தூக்க ஆள் வேணும்."

பாலத்து இறக்கம் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். அப்படியே நின்றது. ஒரு காலை ஊன்றி இறங்கப் பார்த்தேன். அவள், பொலிஸ்காரனுக்கு லைசன்ஸைப் பிரித்துக் காட்டுவது போலக் கிளினிக் புத்தகத்தை என் மூக்குக்கு நேராகப் பிரித்துக் காட்டினாள். காலைத் தூக்கிப் பெடலில் வைத்தேன்.

இரண்டு பிரேக்கையும் அழுத்தியபடி, அங்குலம் அங்குலமாக, விழாமல், கடைசி வளைவு வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனேன். பாலத்துக்கு வந்து தலையை நிமிர்த்தியபோது, தேயிலைக்குள் குறுக்குப் பாதையால் இறங்கி வந்த என் மனைவி எனக்கு முன்பே அங்கே நின்று, அந்தக் குளிரில், கிளினிக் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.