காக்காவுக்கு வைத்த சோறு

என் மாமனார் ஊரில் தவறிப்போனபோது, விசா சிக்கலில் காரியத்துக்குக்கூட என் வீட்டுக்காரரால் போக முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் காக்கா பைத்தியம். அமெரிக்காவில், டப்ளின் என்ற ஊரில், எங்கள் பேக்யார்டின் குட்டைச் சுவரில் தினமும் காலையில் ஒரு தட்டு நெய்ச்சோறு வைப்பார். “கா, கா” என்று கூப்பிட்டுவிட்டு, மாடிக்கு மீட்டிங் பேசப் போய்விடுவார். திரும்பி வந்தால் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அப்பாவுக்கு நல்ல பசி என்று பூரித்துப்போவார்.

எங்கள் தெருவில் கயோட்டி நடமாட்டம் அதிகம். நரியும் நாயும் கலந்த மாதிரி ஒரு பிராணி. நாயின் கிண்ணத்தைக்கூட வெளியே வைக்காதீர்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். எங்கள் நாயின் கிண்ணத்தை உள்ளே எடுத்துவிட்டேன். தட்டையும் எடுங்கள் என்றதற்கு மனிதருக்கு வந்ததே கோபம்.

“நாய்ச் சாப்பாடும் அப்பா சாப்பாடும் ஒண்ணா?”

எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் எங்கள் குட்டி நாய் வீலென்று அலறியது. கைப்பிடி வைத்த கல்லோடு ஓடிப்போய்ப் பார்த்தால், கயோட்டி அதைப் பிடரியில் கவ்வி, ஈரத்துணியை உதறுவதுபோல் உதறிக்கொண்டிருந்தது. புல்லெல்லாம் ரத்தம். கையிலிருந்த தோசைக்கல்லை அப்படியே அதன் விலாவில் இறக்கினேன். உறுமியதே தவிர விடவில்லை. “விடுடா சனியனே” என்று கத்திக்கொண்டே மூக்கில் அறைந்தேன். மயிர் பொசுங்கி நாறியது. பல் ஒன்று உடைந்து விழுந்தது. அப்போதுதான் நாயைக் கீழே போட்டது. கொல்லத்தான் நினைத்தேன், கை ஓயவில்லை.

அடிபட்ட கயோட்டி வேலிப் பக்கம் ஓடவில்லை. நொண்டிக்கொண்டே நேராகக் குட்டைச் சுவருக்குப் போய், ரத்தம் ஒழுகும் வாயோடு நெய்ச்சோற்றை நாலு வாயில் விழுங்கியது. பழகிய வீடுபோலத் தட்டை நக்கித் துடைத்துவிட்டு வேலியைத் தாண்டியது. சத்தம் கேட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு காது கிழிந்து தொங்கியது. அவர் ஓட்டினார். ஃப்ரீவே முழுக்க எனக்குள் கொதித்தது. இது செத்தால் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க மாட்டேன் என்றே முடிவு செய்திருந்தேன். காதை எடுத்துவிட்டு, கழுத்தில் தையல் போட்டு, பிழைத்துக்கொள்ளும் என்றார் நாய் டாக்டர்.

காரில் ஏறியதும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கத் தயாரானேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்போ அப்பா ஒரு நாள்கூட வரலையா?”

வாய்வரைக்கும் வந்த வசவு அங்கேயே நின்றுவிட்டது. மடியில் நாய் முனகியது.

“வண்டிய எடுங்க,” என்றேன்.