குறுக்கே விழுந்த மரம்

செல்வியின் பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இன்று அவன் அம்மா கூழ் ஊட்டும்போது, இடக்கையை வாய்க்குக் குறுக்கே நீட்டினான். எனக்கு அந்தப் புளியமரம் ஞாபகம் வந்துவிட்டது.

செல்வி என் தங்கை. பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் கண்ணெதிரே இருப்பதைச் சுட்டிக் காட்டுவாள், அவ்வளவுதான். "அதுக்கு இன்னா தெரியும்?" என்பார் பெரியப்பா.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். அம்மா சங்கராபுரம் போகப் புறப்பட்டு நின்றாள். ஐந்து வயதுச் செல்வி ரோட்டிலிருந்து ஓடிவந்தாள். தலையெல்லாம் புளிய இலை. இடக்கையைக் குறுக்கே நீட்டினாள். வலக்கையை பஸ்போல் குலுங்கக் குலுங்க ஓட்டிவந்து அதில் முட்டி நிறுத்தினாள்.

"மரத்த வெட்டிப் போட்டுக்கிறாங்களா? பஸ்ஸு வராதாடி?" என்றாள் அம்மா.

நாங்கள் யாரும் பார்க்காததை அவள் சொல்லிவிட்டாள். அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு, மறுபடி மறுபடி அதைச் செய்யச் சொன்னாள். பெரியப்பாவையும் இழுத்துவந்து காட்டினாள்.

மரத்தை அகற்றிய பிறகும் அந்தக் கை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. சோறு போதும் என்றாலும், பள்ளிக்கூடம் லீவு என்றாலும், அப்பா கோபமாக இருக்கிறார், கிட்டே போகாதே என்றாலும் அதே கைதான்.

பேரன் மறுபடியும் கையை நீட்டினான். அவன் அம்மா கரண்டியை விடுவதாக இல்லை.

"ரோட்ல மரம் கெடக்குதுடி, வண்டிய நிறுத்து" என்றேன்.