சாமியப்பன் லைன் ஊட்டுக்கு லைசென்ஸ் வந்த கதை

சாமியப்பன் அண்ணனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் கொஞ்சம் யோசிப்பேன். குன்னத்தூர் ரோட்டில் அவருக்கு ஒரு லைன் வீடு. ஒரே சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே வரிசையாக ஏழு வீடு. வீடென்றால் ஓர் அறை, மூலையில் ஒரு அடுப்பு மேடை, அவ்வளவுதான். முன்னே அது தறிக் கொட்டகை. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, நடுவில் சுவர் வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார். முதல் வீட்டில் அவரும் சம்சாரம் ஜானகியம்மாளும். மற்றதில் எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போகிற சனம். குடி வருகிறவன் சாமானையும் போகிறவன் சாமானையும் ஏற்றி இறக்கியது என் டெம்போதான். யார் வீட்டில் எந்தக் குடம் ஒழுகும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

வீடுகளுக்கு முன்னால் ஒரு சந்து. ஒரு முனையில் கேட், மறுமுனை பின்பக்கத்து மண் ரோட்டுக்குத் திறந்து கிடந்தது. வீடு கேட்டு வருகிற சனம் கூடக்கூட, அந்தத் திறந்த முனையையும் அடைத்து எட்டாவதாக ஒரு வீட்டை எழுப்பிவிட்டார். வழி போயிற்று, வாடகை வந்தது.

அந்த எட்டாவது வீட்டில்தான் ஒச்சாயி குடும்பம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம். ஒச்சாயி பனியனில் பிசிறு வெட்டுகிறவள். மகள் நாகஜோதி செக்கிங், மருமகன் ராஜபாண்டி டெய்லர். புருஷன் செத்து வருடக்கணக்காகிறது.

இந்தப் பங்குனியில் பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு லைனில் சிலிண்டர் வெடித்தது. வாசல் பக்கம் தீ, பின்னால் வழி இல்லை. மூன்று பேரைக் கரிக்கட்டையாகத்தான் எடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் பகுதியில் விதி வந்தது. வீட்டை வாடகைக்கு விடுகிறவன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், லைனுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும்.

ஆனி கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். சந்தில் கடைசி வரைக்கும் நடந்து போய், எட்டாவது வீட்டுச் சுவரைக் கையால் தட்டினார்.

"இதை எடுத்துருங்க ஐயா. மத்த ஏழுக்கும் லைசென்ஸ் வந்துரும். ஒரு மாசம் டைம்."

"எடுக்கலைன்னாங்க?"

"மொத்தத்துக்கும் சீல்தான்."

அண்ணன் ஒச்சாயிக்காக நாலு இடத்தில் வீடு கேட்டார். கிடைப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எவனும் குடி மாற மாட்டான். என் டெம்போவுக்கும் அந்த மாதம் துணி மூட்டைதான். ஆனாலும் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. மூன்றாவது வீட்டிலிருந்த ஒடிசாப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணன் சிரித்த முகமாக எட்டாவது வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஒச்சாயி, மூணாவது ஊடு காலியாயிருச்சு. பேசாம அதுக்கு மாறிக்குங்க."

"ஆடியில மாறச் சொல்றீகளாய்யா?"

"ஒரே லைனுக்குள்ளதான? இது குடி மாறறதுல சேராதுங்கறேன்."

"அடுப்பு மாறுனா குடி மாறுனதுதேன்" என்றாள் ஒச்சாயி. "சாயப்பட்டறை வேலைக்குன்னு ஒரு ஆடியிலதான்யா இந்த ஊர்ல வந்து எறங்குனோம். ஐப்பசியில எம்புருசனப் பொணமாக் குடுத்தாக. இப்ப எம்மக வாயும் வயிறுமா நிக்கிறா. ஆவணி பொறக்கட்டும்யா. மொத நாளே பானசட்டியத் தூக்கிர்றோம்."

தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கி ராஜபாண்டி சிரித்தான். "ஆடித் தள்ளுபடியில எங்களயும் தள்ளிராதீகய்யா."

அதற்குள் முதல் வீட்டிலிருந்து ஜானகியம்மாள் வந்துவிட்டார். "புள்ளத்தாச்சிய ஆடியில கெளப்பிப்போட்டு நாம வெளங்குவமா? முருகன் கேக்க மாட்டானா?" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிற மனிதர். ஆவணிக்கே சரியென்று தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் நான்தான் கேட்டேன். "ஏனுங்ணா, சீல் வெச்சுட்டாங்கன்னா?"

"நாலு நாள் முன்னப் பின்ன ஆவும், அவ்வளவுதான. ஆடின்னா என்னன்னு அந்தம்மாளுக்கும் தெரியாதாப்பா?"

தெரியத்தான் செய்தது. சொன்ன கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். எட்டாவது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஆடி மாசமுங்க மேடம்" என்றார் அண்ணன். "ஆவணி ஒண்ணாந்தேதி நானே கடப்பாரைய எடுக்கறனுங்க."

"தீக்கு ஆடி ஆவணி தெரியுமாய்யா? அங்க மூணு பேரைத் தூக்குனப்ப நான் பக்கத்துல நின்னேன். இன்னொருக்கா என்னால நிக்க முடியாது."

அந்த அம்மா சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எந்த மாதத்தில் சாமான் ஏற்ற மாட்டேனோ அந்த மாதத்தில் ஒரு லைனையே ஏற்றினேன். கட்டில், பீரோ, ஸ்கூல் பை, அரைகுறையாக வெந்த சோற்றுக் குண்டா. ஐந்தாவது வீட்டு வெள்ளையம்மாள் நடுச்சந்தில் நின்றுகொண்டு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு ஊட்டுக்காவ அத்தன ஊடும் சந்தி சிரிக்குது. நீங்க புண்ணியம் தேடிக்கிட்டீங்க, நாங்க தெருவத் தேடிக்கிட்டமுங்க. நல்லாருங்க." அண்ணன் தலையைக் குனிந்தபடி அவளுடைய அண்டாவைத் தூக்கி டெம்போவில் வைத்தார்.

ஒச்சாயி குடும்பத்துக்கு வெள்ளகோவில் தாண்டி ஒரு சின்னக் கம்பெனியில் வேலையும், அந்த வளாகத்திலேயே தங்க இடமும் கிடைத்தது. நாகஜோதியை முன் சீட்டில் உட்கார வைத்தோம். "பாத்துப் போ கண்ணு" என்றார் அண்ணன். அவள் அவரைப் பார்க்கவில்லை. கடைசியாக அண்ணனும் சம்சாரமும் முதல் வீட்டைப் பூட்டிவிட்டு ஜானகியம்மாளின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். ஆபீஸ் ஆட்கள் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள்.

ஆவணி பிறந்தது. அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணனே எட்டாவது வீட்டை இடித்தார். ஆள் வைக்கவில்லை, என்னையும் தொடவிடவில்லை. அந்த அம்மா வந்து பார்த்தார், கேட்டில் வைத்த சீலை உடைத்தார்கள், லைசென்ஸும் வந்தது. ஆனால் போன சனம் திரும்பவில்லை. போன இடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். நாகஜோதிக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "வண்டிய எடு செந்திலு. மூணாவது ஊட்டுக்கு அவீகளக் கூட்டியாந்தரலாம்."

போனோம். தகர ஷெட். கம்பெனிக்காரன் அதில் பாதியைக் குடோனாக வைத்துக்கொண்டு மீதியைத் தட்டி கட்டிக் கொடுத்திருந்தான். உள்ளே வெக்கை. தூளியில் குழந்தை தூங்கியது. அண்ணன் விஷயத்தைச் சொன்னார். லைசென்ஸ் வந்ததைச் சொன்னார், பின்பக்கம் வழி திறந்துவிட்டதைச் சொன்னார். ஒச்சாயி தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"வரலய்யா."

"அங்க இப்ப யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க ஒச்சாயி. எல்லாஞ் சட்டப்படி இருக்குது."

"அதேன் வரலங்கிறேன். ஊடுன்னு பேரு இருந்தா நாள் குறிச்சு வந்துருவாக. இது கம்பெனி செட்டு. இத யாரும் வந்து பாக்க மாட்டாக."

அண்ணன் எழுந்து ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாசல் ஒன்றுதான். பின்சுவர் நெடுக பனியன் வேஸ்ட் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அடுப்பு அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கு நடந்தார். தீயைப் பற்றிப் பேச்செடுக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தாரோ என்னவோ.

திரும்பி வருகிற வழியில், காங்கேயம் தாண்டியதும் அண்ணன் கேட்டார்.

"பின்னால மூட்டைகளப் பாத்தயா?"

"பாத்தனுங்ணா."

"அந்தம்மாகிட்டச் சொன்னா சீல் வெச்சுருவாங்க. இல்லியா?"

நான் கியரை மாற்றினேன்.